சுமைதாங்கிக்கு மூன்று கிலோ அரிசி

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். துணிமணிகளுக்கு நடுவில் பழைய வேட்டித் துணியில் சுற்றி நாலாபக்கமும் தைத்த மூட்டை ஒன்று இருந்தது. இது என்ன என்றார். அரிசி என்றேன். எங்கே போகிறீர்கள் என்றார். திருவண்ணாமலை என்றேன். அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, "சார், இந்தம்மா மலேசியாலேர்ந்து திருவண்ணாமலைக்கு அரிசி எடுத்துக்கிட்டுப் போறாங்க" என்றார். இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தார்கள். மூட்டையை இன்னொரு முறை இயந்திரத்துக்குள் விட்டுப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நெல் விளையும் மாவட்டத்துக்குக் கடல் தாண்டி அரிசி கொண்டுபோகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மூட்டை என்னுடையதல்ல, அப்பாவுடையது. ஈப்போவில் எங்கள் வீட்டு முன்னறையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு எண்பத்தேழு வயது. அவருக்கு இரண்டு வயதிருக்கும்போது அவருடைய அம்மா நிறைமாதத்தில் வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோனார். அப்படிப் போன பெண்ணுக்காகப் பாதையோரம் சுமைதாங்கிக் கல் நடுவது அந்தப் பக்கத்து வழக்கம். ஆள் உயரத்துக்கு இரண்டு கல் தூண்கள், அவற்றின் மேல் குறுக்காக ஒரு பலகைக் கல். தலைச்சுமையோடு வருகிறவர் யாரையும் கைபிடிக்கக் கூப்பிடாமல் தானே அதில் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு போகலாம். அப்படி ஒருவர் சுமை இறக்கும்போதெல்லாம், இறக்க முடியாமல் போன அவளுடைய சுமையும் கொஞ்சம் இறங்கும் என்று நம்பிக்கை. தாத்தா அந்தக் கல்லை நட்டு, பெயர் வெட்டி வைத்துவிட்டு, அப்பாவைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறினார். திரும்பி வரவில்லை.

நான் கிளம்புவதற்கு முதல் நாள் அப்பா மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "வழியில போனவன் வந்தவன் எல்லாம் எங்கம்மாவுக்கு எறக்கி வச்சிருப்பான். பெத்த புள்ள நான் ஒரு தடவகூட எறக்கல. எனக்காக நீ எறக்கி வச்சிட்டு வா." ஒரு நிபந்தனையும் போட்டார். திருவண்ணாமலையில் இருந்து கல் இருக்கும் இடம் வரைக்கும் மூட்டை தரையில் படக்கூடாது. தரையில் வைத்துவிட்டால் அப்புறம் சுமைதாங்கி எதற்கு என்றார். அதுவும் சரிதான்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை, சாப்பிட்டதைத் தவிர. செங்கம் சாலையில் ஆசிரமம் இருக்கும் பக்கம் அறை எடுத்திருந்தேன். அங்கே வெள்ளைக்காரர்கள் வேட்டி கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். நானோ முழுக்கால்சட்டையும் எங்கள் ஊர்ப் பூப்போட்ட பாஜு சட்டையும் போட்டிருந்தேன். சிற்றுண்டிக் கடைப் பெண் எனக்கு முன்னால் நின்ற ஜெர்மன்காரியிடம் தமிழில் "இன்னா வேணும் மேடம்" என்று கேட்டுவிட்டு என்னிடம் ஆங்கிலத்தில் பேசினாள். தேநீர் கேட்டேன். இஞ்சி, எலுமிச்சை, தேன் எல்லாம் போட்டு ஒரு கண்ணாடிக் குவளையில் வந்தது, தேயிலை மட்டும் இல்லை. கோபத்தோடு வெளியே வந்து எதிர்ப்பக்கத் தள்ளுவண்டியில் உண்மையான டீ குடித்தேன். எங்கள் ஊர் டீ, தே தாரிக் என்போம், கெட்டிப்பால் ஊற்றி நுரையோடு பெரிய குவளையில் வரும். இங்கே கட்டைவிரல் உயரக் குவளையில் தருகிறார்கள். ஆனால் அந்த இரண்டு மிடறு நாக்கில் ஒரு மணி நேரம் நின்றது. மூன்று குடித்தேன்.

இரண்டாம் நாள் ஏழுமலை வந்து சேர்ந்தார். ஐம்பது வயது ஆட்டோக்காரர், நெற்றி நிறையத் திருநீறு. எனக்குத் தெரிந்த அடையாளத்தை அவரிடம் சொன்னேன்: கீழ்பென்னாத்தூர் போகும் வழி, ஒரு ஏரிக்கரை, அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் மலை தெரியும். அவர் என்னைக் கண்ணாடியில் பார்த்தார். இந்த ஊரில் எங்கே நின்று திரும்பிப் பார்த்தாலும் மலைதான் தெரியும், பார்க்கிற பக்கமெல்லாம் ஏரிதான் என்றார். சுமைதாங்கியை அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பழைய கல் எல்லாம் எனக்கு அத்துப்படி என்று சொல்லி வண்டியைக் கீழ்பென்னாத்தூருக்கு நேர் எதிர்த் திசையில் செங்கம் பக்கம் விட்டார். வெளியூர்க்காரி எனக்கு அது தெரியவில்லை. மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் காட்டிய முதல் கல் ஒரு நடுகல். வயலோரம் வேப்பமரத்தடியில் இடுப்பளவுக்கு நின்றது. வில்லும் கத்தியுமாக ஒரு வீரன், அவன் காலடியில் இரண்டு மாடுகள், தலைக்கு மேல் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. பக்கத்தில் துருப்பிடித்த தகரப் பலகை, இது பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றது. ஏழுமலை செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வேடியப்பன் மேடம். மாட்ட ஓட்டிக்கினு போனவங்கள தடுத்து செத்தவரு. இப்ப எங்களுக்கு குலசாமி." ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆன கல் என்று சொன்னார். நானும் கும்பிட்டேன். பக்தி வந்தாலும் எனக்கு வாய் சும்மா இருக்காது. மாட்டைக் காப்பாற்றிச் செத்த ஆணுக்குப் படம் போட்டுக் கல் வைத்திருக்கிறார்கள், பிள்ளையோடு செத்த பெண்ணுக்குப் படம் இல்லாமல், அதிலும் ஒரு வேலை கொடுத்துக் கல் வைத்திருக்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்து, "பொம்பளைங்களுக்கு எப்பவும் வேல ஜாஸ்திதான் மேடம்" என்றார்.

இரண்டாவதாக அவர் காட்டியது மண்ணில் பாதி புதைந்த பழைய மைல் கல். மூன்றாவது ஒரு ஏரி மதகு. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டி, மாமியாருக்குப் போன் போட்டார். அந்த அம்மாள் பேசியது எனக்கே கேட்டது. கீழ்பென்னாத்தூர் வழியில் சொமதாங்கி அம்மா கோயில் என்று ஒன்று இருக்கிறது, பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாம் போவார்கள், இது தெரியாமல் என்ன ஆட்டோ ஓட்டுகிறாய் என்று மாப்பிள்ளையைக் கேட்டார். திரும்பும் வழியில் கிளட்ச் வயர் அறுந்தது. வேறு ஆட்டோ கிடைக்கும் வரை வெயிலில் மூட்டையை வலது தோளுக்கும் இடது தோளுக்கும் மாற்றிக்கொண்டு நின்றேன். நான் எவ்வளவு கெஞ்சியும் ஏழுமலை காசு வாங்கவில்லை.

அன்று சாயங்காலம் அறைக்கதவைத் திறக்கச் சாவி தேடினேன். வலது கை பைக்குள் துழாவ, மூட்டை தானாக இடது கை வளைவுக்குள் போய்ப் படுத்தது. நான் முப்பத்தொரு வருடம் அரசாங்கப் பிரசவ வார்டில் தாதியாக இருந்தவள். என் இடது கைக்குச் சில எடைகள் நன்றாகத் தெரியும். சாவியை மறந்து அப்படியே நின்றுவிட்டேன்.

சென்ற வருடம் சாப்பாட்டு மேசையில் அப்பா திடீரென்று கேட்டது ஞாபகம் வந்தது. பிறக்கிற பிள்ளை எவ்வளவு கனம் இருக்கும் என்றார். மூன்று கிலோ இருந்தால் நல்ல எடை என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை, மீன்குழம்பை ஊற்றச் சொன்னார். போன வாரம் சமையலறைத் தராசில் அரிசியைப் போட்டுப் போட்டு எடுத்து, சரியாக மூன்று கிலோ வரும் வரைக்கும் அவர் விடவில்லை. கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று நான் அலுத்துக்கொண்டேன். இவ்வளவு பிள்ளைகளைத் தூக்கிய எனக்கு இது அப்போதே தெரிந்திருக்க வேண்டாமா? கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். மூட்டையைத் தலையணைப் பக்கம் வைத்துவிட்டுத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் பஸ்ஸில் போனேன். பெண்களுக்குக் காசு இல்லை என்று நடத்துநர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். எங்கள் ஊரில் பஸ்ஸில் யாரும் யாரையும் தொடமாட்டார்கள். இங்கே நிற்க இடமில்லாமல் நான் ஆடிக்கொண்டிருக்க, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் தானாகக் கையை நீட்டி மூட்டையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கீழே மட்டும் வைத்துவிடாதே என்று நான் இரண்டு தடவை சொன்னேன். "வெக்க மாட்டேன்கா" என்றாள். நடுவில் அவள் இறங்கும்போது மூட்டையைப் பக்கத்துப் பெண்ணின் மடிக்கு மாற்றி, "கீழ வெச்சிடாத, அக்கா திட்டுவாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். புது மடிக்காரி எனக்கு அவித்த வேர்க்கடலை கொடுத்தாள். மல்லாட்டை என்றாள். நாங்கள் கச்சான் என்போம். இரண்டு பெயருக்கும் ருசி ஒன்றுதான், இங்கே உப்பு கொஞ்சம் கம்மி.

நடத்துநர் விசில் கொடுத்து, "சொமதாங்கி எறங்கு" என்றார். அப்படி ஒரு நிறுத்தமே இருந்தது.

புங்கமர நிழல், ஒரு பூக்கடை, பின்னால் ஏரிக்கரை. திரும்பிப் பார்த்தேன், மலை தெரிந்தது. நான் எதிர்பார்த்த வெறும் கல் அங்கே இல்லை. இரண்டு தூணுக்கும் மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தது. பலகைக் கல்லின் மேல் பட்டுப் பாவாடைத் துணி, கண்ணாடி வளையல் சரம் சரமாக. சுற்றிலும் இரும்புக் கிரில், அதற்கொரு பூட்டு. பூக்கடைக்காரி செல்விதான் விளக்கேற்றுகிறவள், சாவியும் அவள் இடுப்பில்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவளிடம் கேட்டுவிட்டுக் கிரில்லுக்குள் கையை விட்டுத் தூணைத் தடவினேன். பெயின்ட் எழுத்தையெல்லாம் மூடியிருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாததை விரலால் தெரிந்துகொள்வதுதான் என் தொழிலாக இருந்தது. மெதுவாக ஒவ்வொரு எழுத்தாகத் தடவிச் சொன்னேன்: கோவிந்தன் பெண்சாதி பூங்காவனம். தாத்தா பெயரும் பாட்டி பெயரும். அதற்குக் கீழே சிமென்ட் பூசியிருந்தது.

"இவங்களுக்கு பேரு இருக்குதா?" என்றாள் செல்வி. தனக்குள் ஒருமுறை, எனக்குக் கேட்கும்படி ஒருமுறை, பூங்காவனம் என்று சொல்லிப் பார்த்தாள்.

நான் யார், மூட்டை எதற்கு என்று எல்லாம் சொன்னேன். எடை விஷயத்தை மட்டும் சொல்லவில்லை, அது அப்பாவின் அந்தரங்கம். என்னை உட்கார வைத்து மோர் கொடுத்து, அப்பாவைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாள். ஆனால் மூட்டையை வைக்கலாமா என்றதும் முகம் மாறிவிட்டது. முடியாது என்றாள். முதலில் சாமி தலையில் மூட்டை வைப்பதாவது என்றாள். அப்புறம் பலகைக் கல்லில் இருந்த விரிசலைக் காட்டினாள். லாரி ஒன்று உரசிவிட்டுப் போனதாம், அதற்குத்தான் சிமென்ட், அதற்குத்தான் கிரில். ஓரமாக வைக்கிறேன், ஒரு நிமிடம்தான் என்று நான் விடாமல் பேசினேன். அப்போதுதான் உண்மையைச் சொன்னாள்.

அவளுக்கு மூன்று பிள்ளைகள் ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் என்று வயிற்றிலேயே போயிருக்கின்றன. நான்காவது வந்தபோது இந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். எனக்கு வந்தது உனக்கு வேண்டாம் என்று அந்த அம்மாள் பார்த்துக்கொண்டார் என்றாள். மகள் இப்போது வேலூரில் கல்லூரியில் படிக்கிறாள். அன்றிலிருந்து புல்லுக்கட்டு, விறகுக்கட்டு என்று எதையும் யாரையும் இதன்மேல் வைக்க அவள் விட்டதில்லை.

"அவங்க சொமந்தது போதாதாக்கா?" என்றாள். "செத்தும் சொமக்கணுமா? நீங்களே சொல்லுங்க."

அப்பா எண்பத்தைந்து வருடமாக ஒன்று நினைத்துக்கொண்டிருக்கிறார், இவள் இருபது வருடமாக வேறொன்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், இரண்டு பேரும் அதே பெண்ணுக்காகத்தான் அலைகிறார்கள். அவளைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. எனக்குக் கோபம் வராமல் போவது பெரிய விஷயம். மூட்டையோடு பஸ் ஏறினேன்.

அறைக்கு வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு அப்பா, "அந்தப் பொண்ணு சொல்றது நியாயம்தானே" என்றார். அம்மாவை இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருப்பதே அவருக்குத் தெரியாதாம். அரிசியை அவளிடமே கொடுத்துப் பொங்கி வைக்கச் சொல், நீ வந்துவிடு என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. மருந்து சாப்பிட்டீர்களா என்றேன், சாப்பிட்டேன் என்று பொய் சொன்னார்.

நான்காம் நாள் காலை அதே பஸ். ஒரு பள்ளி ஆசிரியை மூட்டையை மடியில் வாங்கிக்கொண்டார். இனி தரையில் பட்டால் என்ன என்று நினைத்தேன், ஆனாலும் கீழே வைக்காதீர்கள் என்றுதான் வாயில் வந்தது.

செல்வி பூக்கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நேற்று ராத்திரி தூங்கவில்லை என்று கண் சொன்னது. வைக்க வரவில்லையம்மா, அப்பா உன் கையில் கொடுக்கச் சொன்னார், பொங்கல் வைத்துப் படைத்துவிடு என்று மூட்டையை நீட்டினேன்.

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கின வேகத்தில் மூட்டை அவள் இடது கை மடிப்பில் போய் விழுந்தது. வலது கை தானாக அதன் அடியில் போயிற்று. என்னிடம் ஏதோ சொல்ல வந்தவள் நிறுத்திவிட்டு மூட்டையைப் பார்த்தாள். கையை லேசாக ஒருமுறை ஏற்றி இறக்கினாள்.

"எவ்ளோக்கா இது?"

"மூணு கிலோ."

"யாரு நிறுத்தது?"

"அப்பாதான். சரியா மூணு வர்ற வரைக்கும் விடலம்மா."

செல்வி பூ நாரை அப்படியே போட்டுவிட்டு இடுப்பில் இருந்து சாவியை எடுத்தாள். அழுதாளா என்று தெரியவில்லை, நான் அழுதுகொண்டிருந்ததால் சரியாகப் பார்க்கவில்லை. பூட்டைத் திறந்து, வளையல்களை ஒதுக்கி, விரிசலைத் தவிர்த்து, தூணுக்கு நேர் மேலே பட்டுத்துணியைச் சமமாக விரித்தாள். மூட்டையை என் கையில் திரும்பக் கொடுத்தாள்.

"இது சொமை இல்லக்கா. அவங்க புள்ள. குடுத்துடுங்க அவங்ககிட்ட."

கல் என் நெற்றி உயரத்துக்கு இருந்தது. வைத்தேன். அரிசி உள்ளுக்குள் மெல்லச் சரிந்து அமர்ந்தது. பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

போனில் அப்பாவை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். இவ்வளவு சின்னக் கல்லா என்றார், பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தாராம். நிழல் இருக்கிறதா என்று கேட்டார். செல்வி போனை வாங்கி அண்ணாந்து புங்கமரத்தைக் காட்டினாள். பெரியவரே, வெள்ளிக்கிழமை இந்த அரிசியைப் பொங்கிப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குத்தான் கொடுப்பேன் என்று சொன்னாள். அவளிடம் அப்பா ஒன்றுதான் கேட்டார்.

"எங்கம்மா நல்லா இருக்காங்களாம்மா?"

"நல்லா இருக்காங்கய்யா" என்றாள் செல்வி. "புள்ள பக்கத்துலயே இருக்குது."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுமை இறக்கினால் திரும்ப எடுக்க வேண்டுமே என்று நான் மெதுவாக இழுத்தேன். பெற்றவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்பார்களா என்று செல்வி என்னை அதட்டினாள். அந்த முனையில் அப்பாவும் அதையேதான் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் இடது கை இன்னும் மடிந்தபடியே இருந்ததை நான் கவனிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, கையில் ஏதோ இருக்கிறது என்று எண்ணி, வழக்கம்போல் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். ஒன்றும் இல்லையம்மா, கொடுத்துவிட்டேன் என்றேன்.